26ன்னா எல்லாம் 26 இல்ல: க்ரூசர் சைக்கிளுக்கு லேசாக ஓடும் அகல டயர்

நான் வாங்கிய க்ரூசர் பழைய வண்டி. பெங்களூர் இந்திரா நகரில் வீடு காலி செய்துகொண்டு போன ஒருவரிடம் வாங்கினேன். அகலமான சீட்டு, மாட்டுக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில் பார், தடித்த டயர். பார்க்க ராஜா மாதிரி நின்றது. அல்சூர் வந்து சேர்வதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. யாரோ கேரியரைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டே வருவது போல ஒரு கனம். "தடி டயர் போட்டா அப்படித்தான் சார், ஒல்லி டயரா மாத்திடுங்க" என்று பார்த்தவரெல்லாம் சொன்னார்கள். நம்பினேன். ஒரு ஜோடி ஒல்லி டயர் வாங்கிக்கொண்டு தெருமுனை சைக்கிள் கடை பாயிடம் போய் நின்றேன். வண்டியும் 26 இன்ச், டயரும் 26 இன்ச். அவர் டயரைக் கையில் வாங்கி, பக்கவாட்டில் இருந்த எழுத்தை ஒரு தரம் படித்துவிட்டு, மாட்டிக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார்.

"தம்பி, 26ன்னா எல்லாம் 26 இல்ல."

அந்த ஜோடி இன்றைக்கும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. அளவில் ஏமாந்தது சின்னத் தப்பு, காசோடு போயிற்று. ஒல்லியாக இருந்தால்தான் வண்டி ஓடும் என்று நினைத்ததுதான் பெரிய தப்பு. இப்போது அதே க்ரூசரில் 2.15 இன்ச் அகல டயர் போட்டு ஓட்டுகிறேன், வண்டி ஃப்ரீயாக ஓடுகிறது. புதிதாக க்ரூசர் வாங்கி, மிதிக்க முடியாமல் பால்கனியில் நிறுத்தி வைத்திருக்கும் பெங்களூருக்காரர்களுக்காக இதை வரிசையாக எழுதுகிறேன்.

டயர் எதனால் இழுக்கிறது?

உங்கள் எடையில் டயரின் அடிப்பக்கம் கொஞ்சம் தட்டையாகிறது. சக்கரம் சுழலச் சுழல அந்தத் தட்டையான இடம் மாறிக்கொண்டே போகிறது. அதாவது ரப்பரும் அதற்குள்ளிருக்கும் நூல் தையலும் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கின்றன. மடக்கும்போது நீங்கள் கொடுத்த சக்தி, நிமிரும்போது முழுதாகத் திரும்பி வருவதில்லை. ஒரு பங்கு சூடாகிப் போய்விடுகிறது. தடித்த ரப்பர், முரட்டுத் தையல் என்றால் அந்தப் பங்கு பெரிது. மெல்லிய, குழைவான டயர் என்றால் சிறிது. இழுப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நீங்களும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். மலிவான தடித்த ரப்பர் டயரின் உருளும் தடை, அதாவது மொத்த எடையில் எத்தனை பங்கு இழுப்பாகிறது என்ற எண், 0.010 அளவில் இருக்கும், சில டயர்களில் அதற்கு மேலும் போகும். நல்ல டயரில் 0.006 பக்கம் வரும். 0.010 என்றால், சமதரையிலும் நீங்கள் எப்போதும் நூற்றுக்கு ஒன்று என்கிற ஏற்றத்தில் ஏறிக்கொண்டே இருக்கிறீர்கள் என்று அர்த்தம். மொத்தம் 10 கிலோமீட்டர் ஓட்டினால் 100 மீட்டர் உயரம் ஏறிய உழைப்பு. நல்ல டயரில் அது 60 மீட்டர். மீதி 40 மீட்டர் என்பது ஏறக்குறைய பதின்மூன்று மாடி. லிஃப்ட் இருக்கும்போது யாராவது தினமும் பதின்மூன்று மாடி படியேறுவார்களா?

வாட்டில் சொன்னால், மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் முதல் டயர் கிட்டத்தட்ட 49 வாட் தின்கிறது, இரண்டாவது 29. சாவகாசமாக மிதிக்கிற ஆள் கொடுப்பதே 80 முதல் 100 வாட்தான். அதில் 20 வாட் மிச்சம் என்பது லேசான விஷயமில்லை. ரேஸ் சைக்கிள்காரர் 35, 40 வேகத்தில் போகும்போது காற்றுத் தடைதான் அவருக்கு எமன். நம்மைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து 15, 18 வேகத்தில் போகிறவர்களுக்கு டயரின் பங்கு ஏறக்குறைய சரிபாதி. அதனால் டயர் மாற்றினால் ரேஸ் வண்டியைவிட க்ரூசரில்தான் வித்தியாசம் அதிகமாகத் தெரியும்.

அகலம் எங்கே வருகிறது? ஒரே தரமான தையல், ஒரே காற்றழுத்தம் என்றால், அகல டயர் தரையில் பதியும் இடம் அகலமாகவும் நீளத்தில் குட்டையாகவும் இருக்கும். ஒல்லி டயரின் பதிவு நீளமாக இருக்கும். நீளப் பதிவு என்றால் டயர் அதிகம் மடங்குகிறது. ஆக, அகலம் வண்டியை மெதுவாக்குவதில்லை. அகல டயர் என்ற பெயரில் கடைகளில் கிடைப்பவற்றில் பல கட்டி ரப்பரில் செய்தவை. கெட்ட பெயர் அகலத்துக்கு வந்துவிட்டது.

முதல் வேலை: டயரின் மேல் பழி போடும் முன்

பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஒரு சுற்று சுற்றி விடுங்கள். பிரேக் கட்டை உரசுகிறதா? சக்கரம் ஆடி ஆடிச் சுழல்கிறதா? ஆடினால் முதலில் பெண்டு எடுக்கக் கொடுங்கள். அச்சைப் பிடித்து விரலால் உருட்டும்போது மணல் அரைப்பது போல இருந்தால் ஹப்பில் கிரீஸ் வற்றிப்போயிருக்கிறது. செயினில் துரு இருந்தால் துடைத்து எண்ணெய் விடுங்கள். என் வண்டியில் இந்த நாலும் இருந்தன. சரி செய்த பிறகும் இழுத்தது என்பது வேறு கதை. ஆனால் சிலருக்கு இத்தோடு வேலை முடிந்துவிடும், டயர் காசு மிச்சம்.

அளவு

டயரின் பக்கவாட்டில் புடைத்த எழுத்தில் இரண்டு விதமாக அளவு போட்டிருக்கும். 26 × 2.125 என்று ஒன்று, 57-559 என்று இன்னொன்று. நம்ப வேண்டியது இரண்டாவதை. 57 என்பது அகலம், மில்லிமீட்டரில். 559 என்பது டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், அதுவும் மில்லிமீட்டரில். இந்த மூன்றிலக்க எண் உங்கள் பழைய டயரில் என்னவோ, புது டயரிலும் அதேதான் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர்கூட விட்டுக்கொடுக்க முடியாது. 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்று இந்த ஊரில் எதை வேண்டுமானாலும் சமாளிக்கலாம், ரிம்மை முடியாது.

நான் வாங்கிய ஒல்லி டயர் 26 × 1 3/8. அதன் விட்டம் 590. நம் ஊர் சாதா சைக்கிள்களில் வரும் அளவு அது. 26 × 1 1/2 என்று எழுதியது 584. பெரியவர்கள் ஓட்டிய கறுப்பு ஹெர்குலிஸ் மாதிரி வண்டிகளில் 28 × 1 1/2 வரும், அது 635. பின்னத்தில் எழுதிய 26ஐயும் தசமப் புள்ளியில் எழுதிய 26ஐயும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். க்ரூசரில் பெரும்பாலும் புள்ளி வைத்த 26, அதாவது 559. சில புது க்ரூசர்களில் 27.5 இன்ச் வருகிறது, அது 584. 29 இன்ச் என்றால் 622. சின்ன க்ரூசரில் 24 × 2.125, அது 507.

559க்கு ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. 1933இல் அமெரிக்காவின் ஷ்வின் நிறுவனம் காரின் பலூன் டயரைப் பார்த்து, சைக்கிளுக்கு 26 × 2.125 இன்ச் அகல டயரைக் கொண்டுவந்தது. க்ரூசர் என்ற வகையே அந்த டயரிலிருந்து பிறந்ததுதான். நாற்பது வருடம் கழித்து, 1970களில், கலிபோர்னியாவின் மாரின் மலைச்சரிவுகளில் சில இளைஞர்கள் அந்தப் பழைய ஷ்வின் வண்டிகளையே தேடிப்பிடித்து, மண் பாதையில் தாறுமாறாக இறக்கி ஓட்டினார்கள். மவுண்டன் பைக் உண்டானது அப்படித்தான், க்ரூசரின் ரிம் அளவோடு. இதனால் நமக்கு என்ன லாபம்? 26 இன்ச் எம்டிபிக்கு, அதாவது மவுண்டன் பைக்குக்கு, என்று விற்கிற 559 டயர் எல்லாம் க்ரூசர் ரிம்மிலும் உட்காரும். கடையில் "க்ரூசர் டயர் இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "559, எம்டிபி, ஸ்லிக் டயர்" என்று கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 26 × 4.0 என்று யானைக்கால் டயரோடு வரும் வண்டிகளையும் சிலர் க்ரூசர் என்று சொல்லி விற்கிறார்கள். அவற்றின் ரிம்மே வேறு, மிக அகலம். அதில் 2.15 டயர் போட முடியாது. இங்கே சொல்வது எதுவும் அந்த வண்டிக்குப் பொருந்தாது.

எவ்வளவு அகலம் போடலாம்

வண்டி எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அவ்வளவு. முன் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கு நடுவிலும், பின்னால் செயின் ஓடும் பக்கத்துக் குழாய்களுக்கு நடுவிலும், மட்கார்டுக்கு உள்பக்கமும் ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். டயருக்கு இரண்டு பக்கமும் தலைக்கு 6 மில்லிமீட்டராவது காலி இருக்க வேண்டும். மேலேயும் அப்படியே. டயர் அகலமானால் உயரமும் கூடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2.125லிருந்து 2.35க்குப் போனால் ஐந்தாறு மில்லிமீட்டர் மேலே எழும்பும், மட்கார்டு கம்பியில் உரசும். மழைக்காலத்தில் மட்கார்டுக்குள் சேறு அடைத்துக்கொள்கிற வேலையும் சேரும்.

ரிம்மின் உள் அகலம் 25 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் 2.0 முதல் 2.35 வரை நன்றாக உட்காரும். மிகக் குறுகலான ரிம்மில் பெரிய டயர் போட்டால் பல்பு மாதிரி உப்பி நிற்கும், வளைவில் ஆடும்.

இந்த ஊருக்கு என் தேர்வு 2.0க்கும் 2.35க்கும் நடுவில். அதற்குக் கீழே போனால் குழியில் இடுப்பு வலி, மேலே போனால் நல்ல டயர் கிடைப்பது கஷ்டம்.

கையில் எடுத்துப் பாருங்கள்

பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி, விரல் பொய் சொல்லாது. டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து அமுக்குங்கள், மடக்குங்கள். வேட்டி மாதிரி குழைந்து மடிகிறதா, கோணிச் சாக்கு மாதிரி விறைத்து நிற்கிறதா? சாக்கு மாதிரி இருந்தால் கடைக்காரர் என்ன சொன்னாலும் கீழே வைத்துவிடுங்கள். என் பழைய டயரைக் கழற்றித் தரையில் நிற்க வைத்தேன். காற்றே இல்லாமல் ரிம் இல்லாமல் அது பாட்டுக்கு நின்றது. அன்றைக்குத்தான் புரிந்தது, இத்தனை நாள் நான் எதை மடக்கிக்கொண்டு போயிருக்கிறேன் என்று.

தையலின் நெருக்கத்தை டிபிஐ என்று எழுதியிருப்பார்கள், ஒரு இன்ச்சுக்கு எத்தனை நூல் என்று. மலிவு டயரில் 27, 30 இருக்கும். 60, 67 என்றால் நல்லது. 120 என்றால் மிக மெல்லிய நூல், குழைவு அதிகம், பக்கவாட்டில் கல் கிழிக்கும் பயமும் அதிகம். சில கம்பெனிகள் இரண்டு மூன்று அடுக்கை ஒன்றாகக் கூட்டி எண்ணைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. எண்ணைப் பார்த்துவிட்டு விரலிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது மேல்பரப்பு. பட்டன் டயர் வேண்டாம். தார் ரோட்டில் ஒவ்வொரு பட்டனும் நசுங்கி நிமிர்கிறது, அதற்கும் உங்கள் கால்தான் சம்பளம் கொடுக்கிறது. விர்ரென்று சத்தம் வேறு. வழவழப்பான ஸ்லிக், அல்லது மெல்லிய கோடு போட்ட டயர் போதும்.

"மழையில வழுக்காதா?" என்று எல்லோரும் கேட்பார்கள். கார் டயரில் கோடு போடுவது தண்ணீரை வெளியே தள்ள. அகலமான தட்டை டயர் வேகமாகப் போகும்போது தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும், அதற்காக. சைக்கிள் டயர் உருண்டையானது, ஒடுக்கமானது, நாம் போகிற வேகமும் கொஞ்சம். அந்த மிதப்பு நமக்கு வராது. ஈரத்தில் பிடிப்பைத் தீர்மானிப்பது ரப்பரின் குணம். ஏப்ரல், மே மாத மழையில் இந்த ஊரில் வழுக்குவது வேறு விஷயங்கள்: மரத்தடியில் குவிந்த குல்மொஹர் பூ, ஈரமான ஜீப்ரா கோடு, மெட்ரோ வேலை நடக்கிற இடத்தில் போட்ட இரும்புத் தகடு. அதன் மேல் எந்த டயரானாலும் வழுக்கும், பட்டன் டயர் முதலில் வழுக்கும். ஏரிக்கரை மண் பாதையில் அடிக்கடி போகிறவர்கள் மட்டும் நடுவில் வழவழப்பு, ஓரத்தில் சின்னப் பட்டன் என்று இருக்கிற வகையைப் பாருங்கள்.

பஞ்சர் தடுப்புப் பட்டைதான் நிஜமான குழப்பம். டயருக்கு உள்ளே கூடுதலாக ஒரு அடுக்கு வைத்துத் தைத்திருப்பார்கள். பட்டை தடித்தால் பஞ்சர் குறையும், இழுப்பு கூடும். பெங்களூரில் ஆணியைவிட என்னைப் படுத்தியது கம்பி. ஓசூர் ரோடு, வெளிவட்டச் சாலை ஓரங்களில் வெடித்த லாரி டயரிலிருந்து உதிர்ந்த தலைமுடி மாதிரிக் கம்பி கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மெதுவாகத் துளைத்துக்கொண்டு போகும். தினமும் அந்த மாதிரி ரோட்டில் ஆபீஸ் போகிறவர் தடித்த பட்டையே போடட்டும், வழியில் நின்று டியூப் மாற்றுவதைவிடக் கொஞ்சம் கனமாக மிதிப்பது மேல். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் விடாத கப்பன் பார்க், வீட்டைச் சுற்றி நாலு தெரு என்று ஓட்டுகிறவருக்கு மெல்லிய பட்டை போதும். நான் மெல்லியதைப் போட்டேன். வாரம் ஒரு முறை டயரைத் திருப்பிப் பார்த்து, குத்தி நிற்கும் கண்ணாடித் துண்டை ஊசியால் எடுத்துவிடுகிறேன். அந்த ஐந்து நிமிடம் ஒரு பட்டைக்குச் சமம்.

கலர் டயர் ஆசை க்ரூசர்காரர்கள் எல்லோருக்கும் உண்டு. எனக்கும் சந்தனக் கலர் டயரில் மனசு போனது. டயர் கறுப்பாக இருப்பது அழகுக்காக இல்லை, கார்பன் கறுப்பு என்ற பொடி ரப்பரை உறுதியாக்கித் தேய்மானத்தைக் குறைக்கிறது. தரையில் படுகிற ரப்பர் கறுப்பாகவும் பக்கவாட்டு மட்டும் வெள்ளையாகவோ பழுப்பாகவோ இருந்தால் ஓட்டத்துக்குக் கெடுதல் இல்லை. மழை பெய்த மறுநாள் துடைக்கிற வேலை மட்டும் உங்களுடையது.

என்ன பெயர் கேட்பது?

ஷ்வால்பே பிக் ஆப்பிள் இந்த வகைக்கென்றே செய்த டயர். 26 இன்ச்சில் 2.0, 2.15, 2.35 என்று மூன்று அகலங்களில் வந்திருக்கிறது. ஃபேட் ஃபிராங்க் அதே கம்பெனியின் க்ரூசர் அலங்கார டயர், 2.35 அகலம். மாக்சிஸ் ஹுக்வார்ம் 2.5 இன்ச், வழவழப்பானது, உழைக்கும், ஆனால் கனமான தையல். வேகம் தேடுகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். குழைவின் உச்சம் வேண்டும் என்றால் ரெனே ஹெர்ஸின் ராட் ட்ராப் பாஸ், 26 × 2.3. அதன் விலைக்கு இங்கே ஒரு சாதா சைக்கிளையே வாங்கிவிடலாம், தெரிந்துகொள்வதற்காகச் சொன்னேன்.

உள்ளூர் டயர் சில நூறு ரூபாய், இறக்குமதி டயர் ஆயிரங்களில். லூதியானாவின் ரால்சன் மாதிரி நம் நாட்டுக் கம்பெனிகளின் டயரிலும் விரல் சோதனையில் தேறுகிறவை இருக்கலாம், கடையில் இருப்பதையெல்லாம் எடுத்துப் போடச் சொல்லி அமுக்கிப் பாருங்கள். காசு ஒரு டயருக்குத்தான் இருக்கிறது என்றால் நல்லதைப் பின்னால் போடுங்கள். நிமிர்ந்து உட்கார்கிற க்ரூசரில் எடையில் பெரும்பங்கு பின் சக்கரத்தின் மேல்தான். புது எம்டிபி எல்லாம் 27.5, 29 என்று போய்விட்டதால் 26இல் நல்ல டயர் குறைந்துகொண்டே வருகிறது. பிடித்தது கிடைத்தால் தள்ளிப்போடாதீர்கள்.

டியூப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 26 × 1.9 முதல் 2.35 வரை என்று எழுதியதை வாங்குங்கள். பழைய வண்டியில் ரப்பர் குழாய் போட்ட வால்டியூப் வகை இருந்தால், அதே ஓட்டையில் ஸ்கூட்டர் மாதிரி வால்வு வைத்த டியூப் அப்படியே உட்காரும். அதற்கு மாறிவிடுங்கள், காற்றை அளந்து அடிக்க அதுதான் வசதி.

காற்று: பாதி வேகம் இங்கே

நல்ல டயரை வாங்கி, கல்லு மாதிரி காற்றடித்து, பணத்தை வீணாக்குகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். இறுக்கமாக அடித்தால் டயர் மடங்குவது குறையும், உண்மை. டயரைச் சோதிக்கிற வழவழப்பான இரும்பு உருளையில் அது சரி. ரோடு இரும்பு உருளை இல்லை. கல் டயர் ஒவ்வொரு ஜல்லியிலும் வண்டியையும் உங்களையும் சேர்த்துத் தூக்கிப் போடும். முன்னே போக வேண்டிய சக்தி உங்கள் உடம்பைக் குலுக்குவதில் கரைகிறது. கை மரத்துப்போவதும் முதுகு வலிப்பதும் அந்தச் செலவின் ரசீது. புதிதாகப் போட்ட வைட் டாப்பிங் காங்கிரீட்டில் கொஞ்சம் கூடுதல் காற்று நன்றாக இருக்கும். அங்கிருந்து திரும்பி, பைப் புதைக்கத் தோண்டி மூடிய குறுக்குத் தெருவுக்குள் நுழைந்ததும் அதே காற்று உங்களை உதைக்கும்.

70 கிலோ ஆளுக்கு, 2.15 அகல டயருக்கு, முன்னால் 25 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), பின்னால் 30 என்று ஆரம்பியுங்கள். எடை 10 கிலோ கூடினால் இரண்டு மூன்று கூட்டுங்கள், குறைந்தால் குறையுங்கள். டயரில் அச்சிட்ட குறைந்த அளவுக்குக் கீழேயும் அதிக அளவுக்கு மேலேயும் போக வேண்டாம். பல மலிவு க்ரூசர்களின் இரும்பு ரிம்மில் டயரைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி விளிம்பு கிடையாது, சுவர் நேராக இருக்கும். அதில் அதிகக் காற்று அடித்தால் டயர் ரிம்மை விட்டு வெடித்து வெளியே வரும். சத்தம் தீபாவளி வெடிதான்.

ஹம்ப் (வேகத்தடை) ஏறும்போது ரிம் தரையில் இடித்தால், அல்லது திருப்பத்தில் வண்டி நெளிந்தால், காற்று குறைவு. இரண்டிரண்டாகக் கூட்டுங்கள். இடிக்காமல், நெளியாமல் இருக்கும் மிகக் குறைந்த அளவு எதுவோ, அதற்கு ஒரு படி மேலே உங்கள் அளவு. ஒரு சீட்டில் எழுதிப் பம்ப்பில் ஒட்டிவிடுங்கள்.

அளவு காட்டும் பம்ப் ஒன்று வீட்டில் வாங்கி வையுங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது அகல டயரில் சரியாக வராது, 25க்கும் 40க்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாது. பெட்ரோல் பங்கில் அடிக்கலாமா? நம் அளவு கார் டயர் அளவுக்குப் பக்கம்தான், வால்வும் அதே வால்வு. ஆனால் அந்த மெஷின் காருக்கானது, சைக்கிள் டியூபுக்குள் காற்று ஒரே மூச்சில் ஏறிவிடும். பங்கு ஆளிடம் "அண்ணா, சைக்கிள்தான், 30 போதும், விட்டு விட்டு அடிங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

மாட்டுவது

பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கிற பிரேக் உள்ள க்ரூசரில் பின் சக்கரத்தைக் கழற்றும் முன், ஹப்பிலிருந்து செயின் குழாய்க்குப் போகிற சின்ன இரும்புக் கையின் திருகைக் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது அதை இறுக்க மறந்தால் பிரேக் பிடித்த நொடியில் அந்தக் கை சுழன்றுவிடும். இதை மட்டும் இரண்டு தடவை சரிபாருங்கள்.

ரிம்மின் உள் நாடாவில் கிழிசல் இருந்தால் மாற்றுங்கள். டியூபில் கொஞ்சம் காற்று ஊதி உருவம் வந்ததும் டயருக்குள் வையுங்கள். டயரின் பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் முன்னே சுழலும் திசைக்கு அது பொருந்த வேண்டும். கடைசித் துண்டைக் கையாலேயே தள்ளி ஏற்றுங்கள், முடியாவிட்டால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பினால் புது டியூபுக்கு அங்கேயே முதல் பஞ்சர். பாதிக் காற்றில் நிறுத்தி, ரிம்மை ஒட்டி டயரில் ஓடுகிற மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் காற்றை இறக்கி, பிசைந்து, மறுபடி அடியுங்கள். இல்லாவிட்டால் வண்டி குதித்துக் குதித்து ஓடும்.

சாக்பீஸ் சோதனை

மனசு ஏமாற்றும். காசு கொடுத்து வாங்கியது வேகமாக ஓடுகிற மாதிரிதான் தோன்றும். அதனால் பழைய டயரைக் கழற்றும் முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். விடியற்காலையில், காற்று வீசாத நேரத்தில், லேசாகச் சரிந்து பிறகு சமமாகும் தெரு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஊரில் அப்படித் தெருவுக்குப் பஞ்சமில்லை. மேலே ஒரு கோடு போட்டு, மிதிக்காமல் வண்டியை விடுங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் கோடு. மூன்று தடவை செய்து நடுக் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டயர் மாற்றிய பிறகு அதே சட்டை, அதே உட்காரும் விதம், அதே தெரு.

இது நான் கண்டுபிடித்ததில்லை. பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், 1887இல் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தபோது, அந்தச் சக்கரத்தையும் பழைய சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டு எது தூரம் போகிறது என்றுதான் பார்த்தார். காற்றடைத்தது தூரம் போனது. அந்தப் பெயரில் பிற்பாடு அம்பத்தூரில் ஆலையே வந்தது.

பழைய டயரில் என் வண்டி எதிர் வீட்டு கேட்டுக்கு முன்னாலேயே நின்றது. புது டயரில் மூன்று வீடு தாண்டி, கறிவேப்பிலை மரம் வரை போனது. சந்தோஷத்தில் பின்னால் 45 வரை காற்றேற்றி மறுபடி விட்டேன். மரத்துக்கு ஒரு வீடு முன்னாலேயே நின்றுவிட்டது. அந்தத் தெருவில் தார் போட்டு வருடங்கள் ஆகின்றன. 30க்கு இறக்கினேன், மரத்தைத் தொட்டது. இப்போது பம்ப்பில் ஒட்டிய சீட்டில் 30 என்றுதான் இருக்கிறது.